உரோமத்தோல் வணிகம் முதல் ஊடகச் சார்பு வரை: ஹெரால்டு இன்னிஸின் வாழ்வும் கோட்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

ஊடகங்கள் சமுதாயத்தை எவ்வாறு வடிவமைக்கின்றன என்னும் வினாவை வரலாற்று நிலையில் நின்று எழுப்பிய முன்னோடிகளுள் ஒருவர் கனடிய அறிஞர் ஹெரால்டு ஆடம்ஸ் இன்னிஸ் (1894–1952). தொடர்பியல் வரலாற்று நூல்கள் பலவும் அவரை மார்ஷல் மக்லூகனுக்கு முன்னோடி என்னும் அளவிலேயே சுட்டிச் செல்கின்றன. அவருடைய பொருளியல் வரலாற்றுப் பணியும் ஊடகக் கோட்பாட்டுப் பணியும் தம்முள் தொடர்பற்ற இரு பகுதிகள் என்ற கருத்தும் நிலவுகிறது. இன்னிஸின் வாழ்க்கை நிகழ்வுகளைக் கால வரிசையில் தொகுத்து நோக்கும் இக்கட்டுரை, அவ்விரு பணிகளையும் இணைப்பது ஒரே சிந்தனை முறையே என்பதை நிறுவ முயல்கிறது. தமிழ் எழுத்து மரபை அக்கோட்பாட்டின்வழி நோக்கும்போது தோன்றும் சிக்கல் ஒன்றும் இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: இன்னிஸ், ஊடகச் சார்பு, முதன்மைப் பண்டக் கோட்பாடு, அறிவு முற்றுரிமை, வாய்மொழி மரபு, ஓலைச்சுவடி.

முன்னுரை

ஓர் அறிஞரின் கோட்பாட்டை அவர்தம் வாழ்விலிருந்து பிரித்துக் கற்பது தமிழ்க் கல்விப்புலத்தில் பெருவழக்காக உள்ளது. மேலைக் கோட்பாடுகள் பெரும்பாலும் சுருக்க வாய்பாடுகளாகவே நம்மை வந்தடைகின்றன. கல்லும் களிமண்ணும் காலம் கடந்து நிற்கும் ஊடகங்கள், பாப்பிரசும் காகிதமும் வெளி கடந்து பரவும் ஊடகங்கள் என்னும் பாகுபாடு அத்தகைய வாய்பாடுகளுள் ஒன்று. இதனை வகுத்தவர் இன்னிஸ் என்பதைப் பாடநூல்கள் சொல்கின்றன. இவ்வினா அவருக்கு ஏன் எழுந்தது என்பதைச் சொல்வதில்லை. வினா எழுந்த சூழலை அறியாமல் விடையை மட்டும் பெற்றுக்கொள்ளும்போது, அவ்விடை எங்குப் பொருந்தும், எங்குப் பொருந்தாது என்பதை அளந்தறிய இயலாமற்போகிறது. எனவே இன்னிஸின் வாழ்வை மீளப் படிப்பது கோட்பாட்டு ஆய்வின் ஒரு பகுதியே எனலாம்.

பிறப்பும் இளமையும்

இன்னிஸ் 1894 நவம்பர் 5ஆம் நாள் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஓட்டர்வில் என்னும் ஊரை அடுத்த பண்ணையில் பிறந்தார். பாப்டிஸ்டு சமயப் பற்று மிக்க உழவர் குடும்பம் அது. ஒரே அறையில் எல்லா வகுப்பினரும் கூடிப் பயிலும் சிற்றூர்ப் பள்ளியில் கல்வியைத் தொடங்கிய அவர், உயர்நிலைக் கல்விக்காக உட்ஸ்டாக் நகருக்கு நாள்தோறும் இரயிலில் சென்றுவந்தார். மகன் சமய குருவாக வேண்டும் என்பது தாயின் விருப்பம். அப்போது டொராண்டோ நகரில் இயங்கிய பாப்டிஸ்டு நிறுவனமான மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்ததற்குக் குடும்பச் சமயப் பின்னணியும் ஒரு காரணமாகும்.

1915ஆம் ஆண்டுக் கோடையில் மேற்குக் கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் லேண்டன்வில் என்னும் குடியேற்றச் சிற்றூரில் அவர் ஆசிரியராகப் பணிபுரிந்தார். கிழக்கின் நகரங்களில் வகுக்கப்படும் கொள்கைகள், இருப்புப்பாதைக் கட்டணம் போன்ற வடிவங்களில் தொலைவிலுள்ள உழவரை எவ்வாறு தாக்குகின்றன என்பதை அங்கு அவர் நேரில் கண்டார். நடுவத்திற்கும் விளிம்பிற்கும் இடையிலான உறவு பிற்காலத்தில் அவருடைய எல்லா நூல்களிலும் மையப் பொருளாக இடம்பெற்றமை ஈண்டு நினைக்கத்தக்கது.

போர்க்களம் தந்த வினா

1916ஆம் ஆண்டு இளங்கலைப் பட்டம் பெற்ற இன்னிஸ், சமயக் கடமை உணர்வால் உந்தப்பட்டு முதல் உலகப்போரில் படைவீரராகச் சேர்ந்தார். பீரங்கிப் படையில் செய்தித்தொடர்புப் பணி அவருக்கு அளிக்கப்பட்டது. குண்டுகள் எங்கு வீழ்கின்றன என்பதைக் கண்காணித்து, இலக்கைத் திருத்துவதற்குரிய செய்தியைப் பின்னணியிலுள்ள பீரங்கி நிலைக்கு அனுப்புவது அப்பணியின் இயல்பு. 1917 ஏப்ரல் மாதத்தில் பிரான்சு நாட்டின் விமி மேட்டில் நிகழ்ந்த பெரும்போரில் அவர் பங்கேற்றார். அதே ஆண்டு சூலை மாதத்தில் குண்டுச் சிதறல் பட்டு வலத்தொடையில் காயமுற்றார். இங்கிலாந்தில் நெடுநாள் மருத்துவம் பெற்ற பின்னரே அவர் தாயகம் திரும்பினார்.

இக்காயத்தின் விளைவு உடலோடு நின்றுவிடவில்லை. சமய குருவாகும் எண்ணத்தை அவர் கைவிட்டார். சமய நம்பிக்கையும் அவரிடமிருந்து விலகியது. நாடு திரும்பிய வீரர்களின் மறுவாழ்வு குறித்து அவர் எழுதிய ஆய்வேடு 1918ஆம் ஆண்டு மக்மாஸ்டரில் முதுகலைப் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. அச்சும் அறிவியலும் கல்வியும் வளர்ந்த நாகரிகம் தன் இளைஞர்களையே பலியிட்டது எவ்வாறு என்னும் வினா அவருள் நிலைத்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நாகரிகங்களின் நிலைபேறு குறித்து அவர் எழுதியவை அவ்வினாவிற்கு அவர் தேடிய விடைகள் எனக் கொள்வதில் தவறில்லை.

சிகாகோவும் இருப்புப்பாதையும்

போருக்குப் பின்னர் இன்னிஸ் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றார். கனடிய பசிபிக் இருப்புப்பாதையின் வரலாறு அவருடைய முனைவர் பட்ட ஆய்வுப் பொருளாயிற்று. 1920ஆம் ஆண்டு பட்டம் பெற்று, அவ்வாண்டே டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். ஆய்வேடு 1923ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. சிகாகோவில் தம்மிடம் பயின்ற மேரி குவெய்லை 1921ஆம் ஆண்டு மணந்தார். மேரி இன்னிஸ் கனடாவின் பொருளியல் வரலாறு குறித்து 1935ஆம் ஆண்டு நூல் வெளியிட்டவர், கதைகளும் எழுதியவர். கணவரின் மறைவுக்குப் பின் அவர்தம் நூல்களின் திருத்தப் பதிப்புகள் வெளிவரவும் அவர் உழைத்தார். இன்னிஸின் பணியை மதிப்பிடுவோர் இவ்வுழைப்பையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

1885ஆம் ஆண்டு கடல்முதல் கடல்வரை இணைப்பு நிறைவுற்ற இருப்புப்பாதையை இன்னிஸ் வெறும் பொறியியல் சாதனையாகக் காணவில்லை. நாகரிகம் ஒன்று ஒரு கண்டத்தின் குறுக்கே பரவுவதற்குரிய வழியாக அதனைக் கண்டார். பாதை அமைக்கப்பட்ட பின்னர் அதற்கான பெருஞ்செலவை ஈடுசெய்யப் போதிய சரக்கும் குடியேற்றமும் தேவைப்படுகின்றன. அத்தேவை அரசின் கொள்கையையே தீர்மானிக்கத் தொடங்குகிறது. மனிதர் தம் தேவைக்கு அமைத்த தொழில்நுட்பம், பின்னர்த் தன் தேவைக்கு மனிதரை அமைத்துக்கொள்கிறது என்னும் பார்வை இந்நூலிலேயே முளைவிட்டிருப்பதைக் காணலாம்.

ஆற்றுவழிப் பயணமும் பண்டங்களின் இயல்பும்

1924ஆம் ஆண்டு, தம் இருபத்தொன்பதாம் வயதில், இன்னிஸ் நண்பர் ஒருவருடன் வடமேற்குக் கனடாவின் ஆறுகளில் பயணம் மேற்கொண்டார். பீஸ் ஆறு, ஸ்லேவ் ஆறு ஆகியவற்றைக் கனூ என்னும் சிறுபடகில் கடந்து, பின்னர் மெக்கன்சி ஆற்றின் வழியே ஆர்க்டிக் பகுதி வரை சென்றார். ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் செய்தியைக் களத்தில் இறங்கிச் சரிபார்த்தல் வேண்டும் என்பது அவர்தம் ஆய்வு நெறி. அதன் பின்னரும் யூகான், நியூஃபவுண்ட்லாந்து முதலிய பகுதிகளுக்குப் பயணம் செய்து, தொழிலாளரோடும் வணிகரோடும் உரையாடிக் குறிப்பெடுத்தார்.

இவ்வுழைப்பின் பயனாக 1930ஆம் ஆண்டு வெளிவந்ததே கனடாவின் உரோமத்தோல் வணிகம் குறித்த பெருநூல். ஐரோப்பியச் சந்தையில் தொப்பி செய்வதற்குப் பீவர் என்னும் விலங்கின் உரோமம் பெரிதும் விரும்பப்பட்டது. அத்தோல் எடை குறைந்தது, விலை மிகுந்தது. ஆதலின் சிறுபடகில் நெடுந்தொலைவு கொண்டுவரினும் ஆதாயம் தந்தது. ஓரிடத்தில் விலங்கினம் அருகியபோது வணிகர் மேலும் மேற்கே சென்றனர். ஆறுகளும் ஏரிகளும் வகுத்த இவ்வணிகப் பரப்பே பின்னாளில் கனடா என்னும் நாட்டின் எல்லைக்கு அடித்தளமாயிற்று என்பது அவருடைய முடிவு. இதற்கு மாறாக மரம் பருமனும் எடையும் மிக்க பண்டம். அதனை ஏற்றிச் சென்ற கப்பல்கள் திரும்பும்போது வெற்றிடத்தோடு வர நேர்ந்தமையால் குறைந்த கட்டணத்தில் குடியேறிகள் அழைத்துவரப்பட்டனர். ஒரு பண்டத்தின் எடை, பருமன், அழியும் தன்மை ஆகியன சமுதாய அமைப்பையே தீர்மானிக்கும் என்பதை இன்னிஸ் இவ்வாறு விளக்கினார். 1940ஆம் ஆண்டு வெளிவந்த காட் மீன்பிடித் தொழில் வரலாறும் இந்நெறியிலேயே அமைந்தது. இது முதன்மைப் பண்டக் கோட்பாடு எனப் பெயர் பெற்றது. இக்கோட்பாட்டின் உள்ளமைப்பே பின்னாளைய ஊடகக் கோட்பாட்டின் உள்ளமைப்பும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

மரக்கூழிலிருந்து நாளிதழுக்கு

உரோமத்தோல், மீன், மரம் என்ற வரிசையில் இன்னிஸ் அடுத்து ஆராய எடுத்துக்கொண்ட பண்டம் மரக்கூழும் செய்தித்தாள் காகிதமும் ஆகும். கனடியக் காடுகளின் மரம் கூழாகிக் காகிதமாகி, அதன் பெரும்பகுதி அமெரிக்க நாளிதழ்களுக்குச் சென்றது. இப்பண்டத்தைப் பின்தொடர்ந்த ஆய்வாளர், முந்தைய பண்டங்களில் காணாத ஒன்றை எதிர்கொண்டார். உரோமத்தோல் தொப்பியாகி முடிந்தது; காகிதமோ செய்தியாகி, விளம்பரமாகி, மக்கள் கருத்தாகி மீண்டும் கனடாவிற்குள் நுழைந்தது. மலிவான காகிதமும் விரைவு அச்சுப்பொறியும் இணைந்தபோது, நாளிதழ் பேரளவு விற்பனையை நாடியது. விற்பனைக்காக உடனடித் தன்மையையும் பரபரப்பையும் வளர்த்தது. நேற்றையதை மறந்து இன்றையதை மட்டும் கருதும் மனப்பான்மை ஒரு பண்டத்தின் பொருளியலோடு பிணைந்திருப்பதை இன்னிஸ் உணர்ந்தார். அவர் பொருளியலைத் துறந்து ஊடகவியலுக்கு வந்தவர் அல்லர். பண்டம் ஒன்றைப் பின்தொடர்ந்து ஊடகத்தை வந்தடைந்தவர்.

ஊடகச் சார்புக் கோட்பாடு

1940களில் இன்னிஸ் தம் துறைக்கு அப்பாற்பட்ட நூல்களை இடைவிடாது கற்றார். டொராண்டோவின் செவ்வியல் அறிஞர்களோடு கொண்ட உறவு கிரேக்க, உரோம நாகரிகங்களின்பால் அவரை ஈர்த்தது. தொடர்பியல் வரலாறு குறித்துக் குவித்த குறிப்புகள் ஆயிரம் பக்கங்களைக் கடந்த கையெழுத்துப்படியாயின, அது முற்றுப்பெறவில்லை. 1947ஆம் ஆண்டு கனடிய இராயல் கழகத்தின் தலைவர் என்னும் நிலையில் ஆற்றிய உரையிலும், 1948ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளிலும் தம் கருத்துகளை அவர் வெளிப்படுத்தினார். அச்சொற்பொழிவுகள் 1950ஆம் ஆண்டு பேரரசும் தொடர்பும் என்னும் பொருள்படும் நூலாகவும், பிற கட்டுரைகள் 1951ஆம் ஆண்டு தொடர்பின் சார்பு என்னும் பொருள்படும் நூலாகவும் வெளிவந்தன.

எடை மிக்கதும் நிலைத்து நிற்பதும் ஆகிய கல், களிமண், தோல் முதலியன காலச் சார்புடைய ஊடகங்கள். இவை மரபையும் சமயத்தையும் தொடர்ச்சியையும் வளர்ப்பன. எடை குறைந்ததும் எளிதில் எடுத்துச்செல்லத் தக்கதும் ஆகிய பாப்பிரசு, காகிதம் முதலியன வெளிச் சார்புடைய ஊடகங்கள். இவை ஆட்சிப் பரப்பையும் வணிகத்தையும் படையையும் வளர்ப்பன. பீவர் தோலுக்கும் மரத்திற்கும் இடையே கண்ட வேறுபாட்டின் அதே அளவுகோல் இங்குப் பாப்பிரசுக்கும் கல்லுக்கும் பயன்படுத்தப்பட்டிருப்பது வெளிப்படை. ஒரு பேரரசு நெடிது நிலைக்க இவ்விரு சார்புகளும் தம்முள் சமன்பட வேண்டும் என்பது இன்னிஸின் முடிபு.

ஓர் ஊடகத்தைக் கையாளும் ஆற்றல் சிறு குழுவினரிடம் தேங்கும்போது அறிவு முற்றுரிமை தோன்றுகிறது. எகிப்திய எழுத்தரும் பாபிலோனியக் கோயிற் குருமாரும் ஐரோப்பிய மடாலயத் துறவியரும் இதற்கு அவர் காட்டும் சான்றுகள். முற்றுரிமை இறுகும்போது அதன் விளிம்பில் புதிய ஊடகம் ஒன்று தோன்றி அதனைத் தகர்க்கிறது. தோலேட்டின் வழி மடாலயங்கள் பெற்றிருந்த முற்றுரிமையைக் காகிதமும் அச்சும் உடைத்தமை இவ்வாறு விளக்கப்பெறுகிறது. அச்சு நாட்டுமொழிகளை வளர்த்தது. நாட்டுமொழிகள் தேசியத்தை வளர்த்தன. வானொலியும் பரந்த வெளியை நடுவத்தின் குரலுக்கு ஆட்படுத்தும் கருவியாக அமைந்ததை அவர் தம் காலத்திலேயே கண்டார். எழுத்து வந்த பின்னரும் வாய்மொழி உரையாடலின் உயிர்ப்பை இழக்காதிருந்த கிரேக்கத்தையே அவர் சமநிலைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

பல்கலைக்கழகமும் அறிஞர் கடமையும்

இக்கோட்பாட்டை இன்னிஸ் ஏட்டளவில் நிறுத்தவில்லை. உடனடிப் பயனை மட்டும் நாடும் காலத்தில், நெடுங்கால நோக்கைப் பேணும் நிறுவனம் பல்கலைக்கழகமே என அவர் கருதினார். 1937ஆம் ஆண்டு அரசியல் பொருளியல் துறையின் தலைவராகவும், 1947ஆம் ஆண்டு பட்டமேற்படிப்புப் புலத்தின் தலைவராகவும் பொறுப்பேற்றார். 1940ஆம் ஆண்டு கனடிய சமூக அறிவியல் ஆய்வு மன்றம் தோன்றுவதற்குத் துணைநின்றார். இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில், வரலாற்றாசிரியர் ஃபிராங்க் அண்டர்ஹில் தெரிவித்த அரசியல் கருத்துக்காக அவரைப் பதவியினின்றும் நீக்க முயற்சி நடந்தபோது, அவர்தம் கருத்துகளில் உடன்பாடு இல்லாத இன்னிஸ் அந்நீக்கத்தை எதிர்த்தார். ஆய்வாளர் அரசுக்கும் கட்சிக்கும் உடனுக்குடன் ஆலோசனை வழங்குவோராக மாறுவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். ஆயினும் அவரே அரசு ஆணையங்களில் பணியாற்றியவர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. 1934ஆம் ஆண்டு நோவாஸ்கோஷியாவின் பொருளியல் விசாரணை ஆணையத்திலும், 1949ஆம் ஆண்டு போக்குவரத்து ஆணையத்திலும் அவர் உறுப்பினராக இருந்தார். கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையிலான இம்முரண் அவரை விட்டு நீங்கவில்லை.

1945ஆம் ஆண்டு சோவியத் அறிவியற் கழகத்தின் 220ஆம் ஆண்டு விழாவிற்கு அவர் சென்றுவந்தார். போரில் தோழமை பூண்ட நாடுகள் விரைவில் பகைமுகாம்களாகப் பிரிந்தமை, ஒன்றையொன்று கேட்க இயலாத தொடர்பு முறைகளின் ஆபத்தை அவருக்கு மேலும் உணர்த்தியது.

இறுதி ஆண்டுகள்

போக்குவரத்து ஆணையப் பணி அவர் உடலை நலிவித்தது. புற்றுநோயுற்ற நிலையிலும் எழுத்தை அவர் விடவில்லை. காலம் பற்றிய கருத்துகளின் மாற்றம் குறித்த கட்டுரைத் தொகுப்பு 1952ஆம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைவராக அவர் விளங்கியதும் அவ்வாண்டே. 1952 நவம்பர் 8ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் கழித்து, அவர் மறைந்தார். காலத்தின் மதிப்பை வலியுறுத்தியவருக்குத் தம் பெருநூலை முடிக்கக் காலம் வாய்க்கவில்லை.

டொராண்டோவில் ஆங்கில இலக்கியம் கற்பித்த மக்லூகன், 1962ஆம் ஆண்டு வெளியிட்ட அச்சுப்பண்பாடு பற்றிய தம் நூல் இன்னிஸின் பணிக்குக் கடன்பட்டது என்பதை வெளிப்படையாக ஏற்றார். எனினும் இருவர் நோக்கும் ஒன்றன்று. மக்லூகன் ஊடகம் புலன்களில் விளைக்கும் மாற்றத்தை ஆராய்ந்தார். இன்னிஸ் அதிகாரம் யாரிடம் குவிகிறது என்பதை ஆராய்ந்தார். முன்னோடி என்னும் ஒற்றைச் சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

கோட்பாட்டின் எல்லையும் தமிழியல் நோக்கும்

பேரரசும் தொடர்பும் பற்றிய நூல் எகிப்து, பாபிலோனியா, கிரேக்கம், உரோமம், இடைக்கால ஐரோப்பா எனச் செல்கிறது. இந்தியாவிற்கு அதில் தனி இயல் இல்லை. ஆதலின் தமிழ்ச் சான்று அக்கோட்பாட்டிற்கு ஒரு புறச்சோதனையாக அமையும். கோயிற் சுவர்க் கல்வெட்டு காலச் சார்புடையது என்பது எளிதில் பொருந்துகிறது. ஓலைச்சுவடியோ அவ்வாறன்று. அது எடை குறைந்தது, எடுத்துச்செல்லத் தக்கது. இன்னிஸின் அளவுகோலின்படி வெளிச் சார்புடையதாதல் வேண்டும். ஈரத்திற்கும் பூச்சிக்கும் இரையாவதால் அதன் வாழ்நாளும் குறைவு. ஆயினும் நெடிய இலக்கிய மரபு அதன்வழியே காக்கப்பட்டது. காரணம், நிலைபேறு ஓலையில் இல்லை. மீண்டும் மீண்டும் படியெடுத்தலிலும், மனனம் செய்தலிலும், ஆசிரியர்–மாணாக்கர் வழிவந்த பாடங்கேட்கும் முறையிலும் இருந்தது. படியெடுத்தல் நின்ற நூல்கள் மறைந்தன. உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சேற்றியது போன்ற முயற்சிகளின் அருமை இதனால் விளங்கும்.

எனவே பொருளின் இயல்பு மட்டும் ஊடகத்தின் சார்பைத் தீர்மானிப்பதில்லை. அதனைச் சூழ்ந்த பயிற்சி முறையும் தீர்மானிக்கிறது என்னும் திருத்தம் தேவைப்படுகிறது. வாய்மொழி மரபுக்கு இன்னிஸ் அளித்த உயர்ந்த இடத்தை நோக்க, இத்திருத்தம் அவர்தம் சிந்தனைக்கு முற்றிலும் புறம்பானது அன்று. அறிவு முற்றுரிமை என்னும் கருத்தாக்கம் நமக்கு மேலும் பயன்படக் கூடியது. சுவடியைப் படிக்கவும் படியெடுக்கவும் யாருக்கு வாய்ப்பிருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினாவைச் சுவடியியல் ஆய்வுகள் எழுப்புதல் வேண்டும். இந்தியர் தாமே அச்சகம் நடத்துவதற்கிருந்த தடை 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிய பின்னர், அம்முற்றுரிமை எவ்வளவு தகர்ந்தது, எவ்வளவு புதிய கைகளுக்கு மாறியது என்பதும் ஆராயத்தக்கது.

முடிவுரை

பண்ணைச் சிறுவன், படைவீரன், இருப்புப்பாதை வரலாற்றாசிரியர், ஆற்றுவழிப் பயணி, பல்கலைக்கழகக் காவலர், ஊடகக் கோட்பாட்டாளர் என இன்னிஸின் வாழ்வு பல நிலைகளைக் கண்டது. எடை, தொலைவு, கால நீட்சி ஆகியன சமுதாய உறவுகளை எவ்வாறு அமைக்கின்றன என்னும் ஒரே நோக்கு அந்நிலைகளை இணைக்கிறது. அவர் ஆய்வு பொருளியலினின்றும் முறிந்து பிறந்ததன்று. செய்தித்தாள் காகிதம் என்னும் பண்டத்தின் வழியே அதனினின்று வளர்ந்தது. ஊடகமே அனைத்தையும் தீர்மானிக்கும் என்பதன்று அவர் விட்டுச்சென்ற படிப்பினை. எந்த ஊடகம் ஓங்கும்போதும் அது எதனை மறக்கச் செய்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று வினவ வேண்டும் என்பதே அது. ஓலையிலிருந்து அச்சிற்கும் அச்சிலிருந்து மின்திரைக்கும் மாறிவரும் தமிழ் மரபை ஆராய்வோர்க்கு அவ்வினா இன்றும் தேவைப்படுகிறது.